பட்டினமும் பன்றியும்: சங்கப் பாடல்கள் முதல் மும்பைத் தமிழர் குடியிருப்புகள் வரை

முன்னுரை

தமிழ் இலக்கியத்தில் விலங்குகள் குறித்து நிகழ்ந்துள்ள ஆய்வுகள் பெரும்பாலும் யானை, புலி, ஆனிரை ஆகியவற்றைச் சூழ்ந்தே அமைந்துள்ளன. பன்றியைப் பற்றிய குறிப்புகள் சங்க நூல்களில் நிரம்ப இருப்பினும், அவை குறிஞ்சி நிலத்துத் தினைப்புனத்தை உழக்கும் காட்டுப்பன்றியோடு நின்றுவிடுவனவாகவே கருதப்பட்டுள்ளன. வீட்டருகே வளர்க்கப்பெற்ற பன்றி, அதிலும் நகரத்தில் வளர்க்கப்பெற்ற பன்றி, ஆய்வாளர் கவனத்தைப் போதிய அளவு பெறவில்லை. பழந்தமிழ்ப் பட்டினங்களில் பன்றி பெற்றிருந்த இடத்தை இக்கட்டுரை முதலில் வரையறுக்கிறது. பின்னர், தமிழர் பெருந்தொகையாகக் குடியேறிய மும்பையில், குறிப்பாகத் தாராவி, மாதுங்கா, செம்பூர்ப் பகுதிகளில், நகர அமைப்பும் சட்டமும் அவ்விலங்கையும் அதனை வளர்ப்போரையும் எங்கே நிறுத்தின என்பதை ஆராய்கிறது. பன்றிக்கு ஒதுக்கப்படும் இடமே அதன் தீனியை முடிவு செய்கிறது. அத்தீனியே அதன் மதிப்பையும் வளர்ப்போர் மதிப்பையும் முடிவு செய்கிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

சொல் வழக்கு

பன்றியைக் குறிக்கத் தமிழில் கேழல், ஏனம், பன்றி எனப் பல சொற்கள் வழங்கியுள்ளன. தொல்காப்பிய மரபியல் இவ்விலங்கின் இளமை, ஆண்மை, பெண்மைப் பெயர்களைத் தனித்தனியே வகுத்துரைக்கிறது. நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் இளமைக்கும் குருளை என்னும் பெயர் உரியது. குட்டி, பறழ் என்பனவும் விலக்கப்படுவதில்லை. பன்றி, புல்வாய், நாய் ஆகிய மூன்றின் பெண்ணுக்கும் பிணவு என்னும் பெயர் வழங்கும். யானைக்கே சிறப்பாக உரிய களிறு என்னும் சொல் கேழலுக்கும் வருதல் உண்டு என்பதையும் மரபியல் ஏற்கிறது. இவ்விதிகளில் இழிவுக் குறிப்பு எதுவும் இல்லை. யானையோடு ஆண்மைப் பெயரையும், புலியோடு இளமைப் பெயரையும் பங்கிட்டுக்கொள்ளும் விலங்காகவே பன்றி இலக்கண நூலில் இடம்பெறுகிறது.

பிற்காலத்தில் இம்மதிப்பு இரண்டாகப் பிளவுபட்டது. ஒருபுறம் திருமாலின் வராகத் தோற்றம் மாமல்லபுரத்துக் குடைவரையில் சிற்பமாயிற்று. வராகன் என்பது பொற்காசின் பெயராயிற்று. தாயை இழந்த பன்றிக் குட்டிகளுக்குச் சிவபெருமான் தாய்ப்பன்றியாகிப் பாலூட்டியதையும், அக்குட்டிகள் பாண்டியனின் அமைச்சர்களானதையும் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் இரண்டு படலங்களில் விரித்துரைக்கிறது. மறுபுறம் பன்றி என்னும் பெயரே வசைச்சொல்லாயிற்று. கோயிலிலும் காசிலும் பன்றியை ஏற்ற சமூகம் தெருவில் அதனை ஏற்க மறுத்தது. இப்பிளவு எவ்வாறு நேர்ந்தது என்பதற்குச் சமய விளக்கம் மட்டும் போதாது. வாழிட விளக்கமும் தேவைப்படுகிறது.

உருத்திரங்கண்ணனார் காட்டும் இரு பட்டினங்கள்

நகர்ப்புறத்துப் பன்றி பற்றிய தெளிவான சான்றுகள் பத்துப்பாட்டில் இரண்டு உள்ளன. இரண்டும் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியனவாக அறியப்பெறும் நூல்களில் அமைந்திருப்பதும், இரண்டும் கடற்கரைப் பட்டினங்களைப் பற்றியனவாக இருப்பதும் சிறப்பாக நோக்கத்தக்கன.

முதலாவது பட்டினப்பாலை. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் வாழும் புறச்சேரியை வருணிக்கும் பகுதியில் (75-77) குட்டிகளோடு கூடிய பன்றிகளும், பலவகைக் கோழிகளும், உறைக்கிணறுகளும், பொருதற்குரிய ஆட்டுக்கடாக்களும், சிவல்களும் ஒருங்கே கூறப்படுகின்றன. இங்குப் பன்றி அவிழ்த்துவிடப்பட்டுத் திரியும் விலங்கு. குடிநீர் தரும் உறைக்கிணறும் குட்டிகளோடு உலவும் பன்றியும் ஒரே தொடரில் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைப்பதில் புலவருக்கு எவ்வகைக் கூச்சமும் இருந்ததாகத் தெரியவில்லை. எனினும் அவ்விடம் புறச்சேரி என்பது மறக்கத்தக்கதன்று. வணிகர் மாடங்கள் நிறைந்த நகரின் உட்பகுதியில் பன்றி காட்டப்படவில்லை.

இரண்டாவது பெரும்பாணாற்றுப்படை. தொண்டைமான் இளந்திரையனைக் காணச் செல்லும் பாணன் நீர்ப்பெயற்று என்னும் பட்டினத்தைக் கடக்கிறான். அவனுக்கு அங்குக் கிடைக்கவிருக்கும் விருந்து கூறப்படும் பகுதி (339-345) பன்றி வளர்ப்பு முறை பற்றிய அரிய ஆவணமாகும். கள் சமைக்கும் மகளிர் வட்டில்களைக் கழுவி ஊற்றிய நீர் வழிந்து சேறாகிறது. அச்சேற்றில் பல குட்டிகளை ஈன்ற பெண்பன்றி புரள்கிறது. ஆண்பன்றியோ அதனோடு சேரவிடாமல் பிரிக்கப்பட்டு, குழியில் நிறுத்தப்பட்டு, நெல்லை இடித்த மாவு ஊட்டப்பெற்றுப் பல நாள் பேணப்படுகிறது. கொழுத்த அதன் ஊனே கள்ளுடன் பாணனுக்கு விருந்தாகிறது.

இப்பகுதியிலிருந்து நான்கு செய்திகள் பெறப்படுகின்றன. ஒன்று, இனப்பெருக்கத்துக்கு உரிய விலங்கும் இறைச்சிக்கு உரிய விலங்கும் பிரிக்கப்பட்டன. இரண்டு, இறைச்சிக்கு உரியது அடைத்து வளர்க்கப்பட்டது. மூன்று, அதற்குத் தானியமே தீனியாக இடப்பட்டது. நான்கு, கள் அடும் தொழிலின் கழிவுநீர் வீணாகாமல் பெண்பன்றிக்குப் பயன்பட்டது. கொழுப்பு சேர்வதற்காகப் புணர்ச்சியைத் தடுத்து, அசைவைக் குறைத்து, மாவுத் தீனி இடுதல் என்பது இன்றைய கால்நடை அறிவியலும் ஏற்கும் முறையாகும். உணவு ஆக்கும் இல்லமும் அதன் கழிவை உண்ணும் விலங்கும் ஒரு வட்டமாக இயங்கின. பட்டினப்பாலையில் அட்டிற்சாலைகளிலிருந்து ஒழுகும் கஞ்சி தெருவில் பரவிச் சேறாகி, அதில் எருதுகள் பொருவதாகக் கூறப்படும் காட்சியும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. பெருநகரின் அடுக்களைக் கழிவு விலங்குகளின் வாழ்வோடு இணைந்திருந்ததை இரு நூல்களும் உணர்த்துகின்றன.

ஆகவே ஒரே புலவர் இருவகை வளர்ப்பைப் பதிவு செய்துள்ளார் எனலாம். ஒன்று திரிய விட்டு வளர்த்தல். மற்றொன்று அடைத்து ஊட்டி வளர்த்தல். மும்பையின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இப்பாகுபாடு பெரிதும் துணைசெய்கிறது.

கொல்லை என்னும் இடம்

அடைத்து வளர்க்க நிலம் வேண்டும். தமிழர் வீட்டமைப்பில் அந்நிலம் கொல்லை அல்லது புழக்கடை எனப்பட்டது. கொல்லை என்னும் சொல் முல்லை நிலத்துப் புன்செய்யைக் குறித்துப் பின்னர் வீட்டுப் பின்புறத் தோட்டத்தைக் குறித்தது. அவரைப் பந்தலும், வாழையும், கிணறும், மாட்டுக்கொட்டிலும், கழுநீர்ப் பானையும் அமைந்த இடம் அது. அதே சொல், ‘கொல்லைக்குப் போதல்’ என்னும் வழக்கில், மலங்கழித்தலைக் குறிக்கும் இடக்கரடக்கலாகவும் ஆயிற்று. தோட்டமும் கழிப்பிடமும் ஒரு சொல்லில் ஒடுங்கின.

இவ்விரு பொருளும் பன்றியின் வாழ்வை இரண்டாகப் பகுத்தன. தோட்டமாகிய கொல்லையில் பன்றி அரிசி கழுவிய நீரையும், தவிட்டையும், காய்கறித் தோலையும் உண்டது. கழிப்பிடமாகிய கொல்லையில் அது மனிதக் கழிவை உண்டது. கோவாவில் வீட்டுக் கழிப்பிடத்தோடு இணைத்தே பன்றிக்கொட்டில் அமைக்கும் பழைய முறை இருந்ததும் இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது. பன்றியின் மீது சுமத்தப்பட்ட இழிவு பெரிதும் இவ்விரண்டாம் வகைத் தீனியிலிருந்தே பிறந்தது. சாணத்தையும் கோமயத்தையும் தூய்மைப் பொருளாகக் கருதிய சமூகம், தன் கழிவை அகற்றிய விலங்கைத் தூய்மையற்றது என்றது. அகற்றுவோரை இழிவுபடுத்தும் இம்முறை விலங்கோடு நின்றுவிடவில்லை. மனிதக் கழிவை அகற்றும் பணி சுமத்தப்பெற்ற மக்களும் அவ்வாறே ஒதுக்கப்பட்டனர். இடம் மாறிய பொருளே அழுக்கெனக் கொள்ளப்படுகிறது என்னும் கருத்தை மானிடவியலார் மேரி டக்ளஸ் 1966இல் வெளியான தம் நூலில் விரித்துரைத்தார். தமிழ்க் கொல்லையின் இரட்டைப் பொருள் அக்கருத்துக்கு அணுக்கமான சான்றாகிறது.

மும்பையின் ஊர்நத்தங்கள்

மும்பை ஏழு தீவுகள் இணைந்து உருவான துறைமுக நகரம். அதன் பழங்குடிகளுள் கோலி மீனவர் முதன்மையானவர். 1909ஆம் ஆண்டின் பம்பாய் நகர விவரச் சுவடி தாராவியைக் கோலிகளின் பெருங்குடியிருப்புகளுள் ஒன்றாகவே குறிப்பிடுகிறது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வசாயையும் சாஷ்டித் தீவையும் கைக்கொண்டபோது, உழவர், மீனவர் எனப் பல திறத்தார் கத்தோலிக்கராயினர். அவர்களின் வழித்தோன்றல்கள் பிற்காலத்தில் கிழக்கிந்தியர் என்னும் பெயரை ஏற்றனர். 1887இல் பம்பாய்க் கிழக்கிந்தியர் சங்கம் தோன்றியது.

இம்மக்கள் வாழ்ந்த ஊர்ப்பகுதிகள் காவ்டாண் எனப்படும். தமிழகத்து ஊர்நத்தம் என்பதோடு இதனை ஒப்பிடலாம். பாந்திரா, குர்லா, செம்பூர் முதலிய இடங்களில் இன்றும் காவ்டாண்கள் எஞ்சியுள்ளன. தாழ்வாரமும் சிலுவையும் கிணறும் பின்புற முற்றமும் கொண்ட இவ்வீடுகளில் கோழியும் பன்றியும் வளர்ப்பது இயல்பாக இருந்தது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கும் திருமணத்துக்கும் சொர்ப்போத்தேல், விந்தாலு முதலிய பன்றி இறைச்சி உணவுகள் தவிர்க்க இயலாதனவாயின. விந்தாலு என்னும் பெயர் புளித்த திராட்சை மதுவையும் பூண்டையும் குறிக்கும் போர்த்துகீசியச் சொற்களிலிருந்து வந்தது. நீர்ப்பெயற்றுப் பட்டினத்தில் கள்ளோடும் விருந்தோடும் இணைந்திருந்த பன்றி, மேலைக் கடற்கரையிலும் அவற்றோடே இணைந்திருந்தது. இரண்டும் துறைமுகங்கள், இரண்டிலும் மீனவர் குடியிருப்பின் அருகே பன்றி உலவியது. இவ்வொப்புமை நேரடித் தொடர்பைக் காட்டுவதன்று. ஒத்த வாழிடம் ஒத்த வழக்கத்தைத் தோற்றுவித்ததையே காட்டுவது.

1888ஆம் ஆண்டுச் சட்டம்

நகர்ப் பன்றியின் வரலாற்றில் திருப்புமுனையாக அமைவது 1888ஆம் ஆண்டின் பம்பாய் மாநகராட்சிச் சட்டம். அதன் 384ஆம் பிரிவு விலங்கு வளர்ப்பைப் பற்றியது. ஆணையரின் எழுத்து வழி இசைவின்றி நகரின் எப்பகுதியிலும் பன்றி வளர்த்தல் கூடாது. பிறருக்குத் தொல்லையோ தீங்கோ விளையும் வகையில் எவ்விலங்கையும் வைத்திருத்தல் கூடாது. மலம், சாணம் முதலிய அழுக்குகளை எவ்விலங்குக்கும் தீனியாக்குதல் கூடாது என அது விதிக்கிறது. திரியும் பன்றியை உடனே கொல்லலாம் என்றும், அதற்கு இழப்பீடு கோர இயலாது என்றும் அப்பிரிவே கூறுகிறது.

இப்பிரிவின் அமைப்பு ஊன்றி நோக்கத்தக்கது. தொல்லை தரலாகாது, அழுக்கை ஊட்டலாகாது என்னும் இரண்டு விதிகளும் எல்லா விலங்குகளுக்கும் பொதுவானவை. முன் இசைவு வேண்டும் என்னும் விதியில் பெயர் சுட்டப்படுவது பன்றி ஒன்றே. பசுவும் எருமையும் குதிரையும் தவறு நேர்ந்த பின்னரே இப்பிரிவின் குற்ற வரம்புக்குள் வருகின்றன. பன்றியோ இருப்பதனாலேயே வருகிறது. ஆயினும் சட்டம் பன்றி வளர்ப்பை முற்றிலும் தடை செய்யவில்லை. இசைவு பெற்று, அடைத்து, தூய தீனி இட்டு வளர்க்க இடம் தந்தது. உருத்திரங்கண்ணனார் காட்டிய இரண்டாம் முறை சட்டத்துக்கு உட்பட்டது. முதல் முறை சட்டத்துக்குப் புறம்பாயிற்று. ஆனால் அடைத்து வளர்க்க நிலமும், இசைவு பெற உரிமைப் பத்திரமும் வேண்டும். இவ்விரண்டும் எவருக்கு இருந்தன என்பதே அடுத்து எழும் வினா.

மாதுங்கா, தாராவி, செம்பூர்

1896இல் மும்பையைத் தாக்கிய கொள்ளைநோய் நகரத் திட்டத்தை மாற்றியமைத்தது. 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை நிறுவப்பட்டது. நெரிசலைக் குறைக்கும் நோக்கில் தாதர், மாதுங்கா, வடாலா, சயான் பகுதிகளில் அது மனைகளை வகுத்தது. அகன்ற சாலை, கட்டடங்களுக்கிடையே திறந்தவெளி, ஐந்து தோட்டங்கள் எனப் பெயர்பெற்ற பூங்காத் தொகுதி ஆகியன இத்திட்டத்தின் விளைவுகள். அலுவலகப் பணிகளுக்காக வந்த தமிழர் மாதுங்காவில் குடியேறினர். 1923இல் ஆஸ்திக சமாஜமும் 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கமும் அங்குத் தோன்றின. மாதுங்காவில் தோட்டம் இருந்தது. ஆனால் அத்தோட்டம் காட்சிக்கும் காற்றுக்கும் உரிய தோட்டம். விளைவுக்கும் விலங்குக்கும் உரிய கொல்லை அன்று. அங்குக் குடியேறியவர்களின் உணவு மரபிலும் பன்றிக்கு இடமில்லை.

மாதுங்காவை அடுத்துள்ள தாராவியின் நிலை வேறு. மித்தி ஆற்றின் கழிமுகச் சதுப்பை ஒட்டிய இப்பகுதியில் 1887இல் முதல் தோல் பதனிடும் நிலையம் அமைந்தது. பாந்திராவில் இருந்த இறைச்சிக்கூடம் இத்தொழிலுக்குத் தோல் அளித்தது. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து ஆதி திராவிடரும் இசுலாமியரும் இத்தொழில் நாடி வந்தனர். குசராத்திலிருந்து வந்த குயவர் கும்பார்வாடாவில் சூளை அமைத்தனர். மக்கள் தாமே குப்பை கொட்டிச் சதுப்பை நிரவி மனையாக்கினர். ஆனால் அம்மனைக்குப் பத்திரம் இல்லை. கழிவுநீர்க் குழாய் இல்லை. வீட்டுக்கு வீடு கழிப்பிடம் இல்லை. இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த பரப்பில் இலட்சக்கணக்கானோர் நெருங்கி வாழ்ந்த இடத்தில் கொல்லை எங்கிருந்து வரும்? கழிப்பிடமாகிய கொல்லையின் வேலையைச் சதுப்பும் திறந்த சாக்கடையுமே செய்தன. மும்பையின் கழிப்பிடமற்ற குடியிருப்புகளில் பன்றி உலவியது அதனாலேயே. நகரம் செய்யாத பணியை அது செய்தது.

தாராவியில் இசுலாமியர், கிறித்தவர், இந்துக்கள் ஆகியோர் சுவரோடு சுவராக வாழ்கின்றனர். ஒருவருக்கு விழா உணவாக இருப்பது அடுத்தவருக்கு விலக்காக இருக்கிறது. அத்தகைய நெருக்கத்தில் பன்றியைத் திரியவிடாமை அண்டை அயலார் மதிப்பைக் காக்கும் பண்பாகவும் அமைந்தது. ஆகவே பன்றி வளர்ப்பு குறைந்ததற்குச் சட்டம் மட்டுமே காரணம் எனக் கூறுதல் பொருந்தாது.

செம்பூர் மூன்றாவது வகை. 1950இல் மாநகர எல்லைக்குள் சேர்க்கப்படும்வரை இது காவ்டாண்களும் வயல்களும் கொண்ட புறநகராக இருந்தது. எல்லை விரிந்தபோது 1888ஆம் ஆண்டுச் சட்டமும் அதனோடு விரிந்தது. அதுவரை ஊர் வழக்காக இருந்த முற்றத்துப் பன்றி, இசைவு பெற வேண்டிய பொருளாயிற்று. மாநகரம் தன் கழிவை அனுப்பும் இடமாகவும் இப்பகுதியே ஆயிற்று. செம்பூரை அடுத்த தேவ்னாரில் குப்பைக் கிடங்கு 1927 முதல் இயங்கியது; 1971இல் மாநகர இறைச்சிக்கூடமும் பாந்திராவிலிருந்து அங்கு இடம்பெயர்ந்தது. அங்குப் பன்றிக்கும் தனிப் பகுதி அமைந்தது. மேலைப் புறநகராகிய போரிவலியில் அரசு சார்ந்த பன்றி இறைச்சிப் பதப்படுத்தும் ஆலை இயங்கியது. பன்றி இறைச்சியை நகரம் விலக்கவில்லை. பன்றியின் வளர்ப்பையே தன் குடியிருப்புகளிலிருந்து விலக்கியது.

எருமைக்குக் கிடைத்த இடம்

நகரிலிருந்து வெளியேற்றப்பட்ட விலங்கு பன்றி மட்டுமன்று. மும்பைத் தபேலாக்களில் ஆயிரக்கணக்கான கறவை எருமைகள் நெரிசலில் கட்டப்பட்டிருந்தன. அவற்றாலும் தொல்லையும் நோயும் விளைந்தன. அதற்குத் தீர்வாக 1949இல் கோரேகாவில் ஆரே பால் குடியிருப்பு உருவாக்கப்பட்டது. எருமைகளுக்குக் கொட்டிலும், மேய்ச்சற் புல்லும், நீரும், பால் பதப்படுத்தும் வசதியும் அரசு செலவில் அமைந்தன. எருமைக்காரர் உரிமத்தோடு அங்குத் தொழில் தொடர்ந்தனர்.

பன்றி வளர்த்தோருக்கு இத்தகைய மாற்றிடம் எதுவும் அமையவில்லை. எருமையை அகற்றுதல் நகரத் திட்டமாயிற்று. பன்றியை அகற்றுதல் துப்புரவு நடவடிக்கையாயிற்று. முன்னதில் உடைமையாளர் மறுவாழ்வு பெற்றனர். பின்னதில் இழப்பீடும் இல்லை. விலங்கின் இயல்பால் மட்டும் இவ்வேறுபாட்டை விளக்க இயலாது. உடைமையாளரின் சமூக நிலையும், அவ்விலங்கு தரும் பொருளை நகரம் வெளிப்படையாக மதித்ததா என்பதும் இதில் செயற்பட்டன.

மறைந்து வழங்கும் பெயர்

இச்சமூக நிலையை விளக்க அண்மைக் காலக் கலைப் படைப்புகள் இரண்டு துணைசெய்கின்றன. நாகராஜ் மஞ்சுளே இயக்கத்தில் 2013இல் வெளிவந்த மராத்தியத் திரைப்படம் ஃபன்றி. மகாராட்டிரத்துச் சிற்றூர் ஒன்றில் கைக்காடிக் குடும்பம் ஒன்று, ஊராருக்குத் தொல்லையான பன்றியைப் பிடிக்கப் பணிக்கப்படுகிறது. பள்ளியில் உடன் பயில்வோர் வேடிக்கை பார்க்க, அக்குடும்பத்துச் சிறுவன் அடையும் அவமானமே கதையின் உயிர்நிலை. இப்படத்தின் தலைப்பு மராத்திச் சொல்லன்று. கைக்காடி மொழி திராவிட மொழிக் குடும்பத்தில் தமிழுக்கு நெருக்கமானது. ஃபன்றி என்பது நம் பன்றியே. தொல்காப்பியர் எடுத்தாண்ட சொல் மகாராட்டிரத்து நாடோடிக் குடியினர் நாவில் உயிரோடு இருக்கிறது. ஆனால் அது மரபியலில் பெற்றிருந்த மதிப்போடு அங்கு வழங்கவில்லை. வசையாகத் திரும்பி வருகிறது.

மற்றொன்று, பெருமாள்முருகனின் வறுகறி என்னும் சிறுகதையைத் தழுவி 2022இல் வெளியான சேத்துமான் திரைப்படம். கொங்கு வட்டாரத்தில் பன்றி இறைச்சி உண்ணும் விருப்பத்தைச் சூழ்ந்து சாதியும் மறைப்பும் இயங்கும் முறையை அது காட்டுகிறது. சேற்றில் வாழும் மான் எனப் பன்றிக்கு வேறு பெயர் இடுவது இடக்கரடக்கலாகவும் குழூஉக்குறியாகவும் கொள்ளத்தக்கது. பெயரை மறைத்து உண்போர் ஒருபுறம். பெயராலேயே இழிவுறுவோர் மறுபுறம். உண்போரை விட வளர்ப்போரே இழிவைச் சுமக்கின்றனர் என்பது இரு படங்களாலும் புலனாகிறது.

பிற நகரங்களின் பட்டறிவு

இந்நிலை மும்பைக்கு மட்டும் உரியதன்று. 19ஆம் நூற்றாண்டு இலண்டனின் வடக்குக் கென்சிங்டனில் குயவரும் பன்றி வளர்ப்போரும் நெருங்கி வாழ்ந்த சேரி, அவ்விரு தொழில்களின் பெயராலேயே அழைக்கப்பட்டது. சுகாதாரக் காரணம் காட்டி அங்கிருந்து பன்றிகள் பின்னர் அகற்றப்பட்டன. நியூயார்க்கில் 1859இல் நகர அதிகாரிகள் பன்றிக்கொட்டில்களை இடித்து ஆயிரக்கணக்கான பன்றிகளை வெளியேற்றினர். ஆயினும் இரண்டாம் உலகப்போரில் உணவுத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, 1940இல் பிரித்தானியாவில் சிறு பன்றி வளர்ப்போர் மன்றம் அமைந்தது. அண்டை வீட்டார் கூடிச் சங்கம் அமைத்து, அடுக்களைக் கழிவைத் தொட்டிகளில் சேர்த்து, தோட்டத்தில் பன்றி வளர்க்க அரசே ஊக்கம் அளித்தது. முந்திய நூற்றாண்டில் ஏழையின் குற்றமாக இருந்தது போர்க்காலத்தில் குடிமகனின் கடமையாயிற்று. 2001இல் பரவிய கோமாரி நோய்க்குப் பின்னர் அடுக்களைக் கழிவைத் தீனியாக்குதல் அங்கு மீண்டும் தடை செய்யப்பட்டது.

கெய்ரோ நகரின் நிகழ்வு மும்பைக்கு இன்னும் நெருக்கமானது. அங்குக் குப்பை சேகரிக்கும் சபாலீன் மக்கள் பெரும்பாலும் காப்டிக் கிறித்தவர். குப்பையில் கிடைக்கும் உணவுக் கழிவைப் பன்றிகளுக்கு இட்டு வாழ்ந்தனர். 2009இல் பன்றிக்காய்ச்சல் அச்சத்தால் எகிப்து அரசு ஏறத்தாழ 3 இலட்சம் பன்றிகளைக் கொல்ல ஆணையிட்டது. அந்நோய் மனிதரிடையே பரவுவதைத் தடுக்க இது உதவாது என உலக நலவாழ்வு நிறுவனம் தெரிவித்தும் பயனில்லை. விளைவு, உணவுக் கழிவை ஏற்க எவரும் இன்றித் தெருக்களில் குப்பை மலிந்தது. பன்றி ஆற்றிவந்த பணியை அது இல்லாதபோதே நகரம் உணர்ந்தது.

நோய் குறித்த அச்சம்

பன்றி வளர்ப்பால் விளையும் நோய்களை மறைத்துப் பேசுதல் ஆய்வு நெறியாகாது. மூளைக்காய்ச்சல் வகைகளுள் ஒன்றான சப்பானிய மூளையழற்சி, இந்தியாவில் 1955இல் வேலூர்ப் பகுதியில் முதன்முதலாக இனங்காணப்பட்டது. கொக்கு முதலிய நீர்ப்பறவைகளிலும் பன்றிகளிலும் அதன் நுண்கிருமி பெருகுகிறது. கொசு அதனை மனிதருக்குக் கடத்துகிறது. 1998-99இல் மலேசியாவில் பன்றிப் பண்ணைகளில் தோன்றிய நிபா நோய் நூற்றுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. எலிக்காய்ச்சலைப் பரப்பும் விலங்குகளுள் எலி, நாய், மாடு ஆகியவற்றோடு பன்றியும் உண்டு. மும்பையில் 2005 சூலை 26 அன்று ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபின் அந்நோய் பரவியது நினைவுகூரத்தக்கது.

ஆயினும் பன்றியோடு மிகுதியாகத் தொடர்புபடுத்தப்படும் நாடாப்புழு நோயின் போக்கு வேறோர் உண்மையை உணர்த்துகிறது. அப்புழுவின் முட்டைகள் மனிதக் கழிவில் வெளியேறுகின்றன. அக்கழிவை உண்ணும் பன்றியின் தசையில் அவை கூட்டுப்புழுவாகின்றன. நன்கு வேகாத அவ்விறைச்சியை உண்ணும் மனிதரின் குடலில் மீண்டும் நாடாப்புழு வளர்கிறது. கழிவு கலந்த நீரோ உணவோ வழியாக முட்டைகள் மனித உடலுள் சென்றால் மூளையில் கட்டிகள் தோன்றி வலிப்பு நேர்கிறது. பன்றி இறைச்சியே உண்ணாதவருக்கும் இது நேரும். இவ்வட்டத்தின் தொடக்கம் மனிதன். கழிப்பிடமும் கழிவுநீர்க் குழாயும் அமைந்தால் வட்டம் அறுபடுகிறது. பன்றியைக் கொன்று கழிப்பிடம் அமைக்காமல் விட்டால் நோய் வேறு வழியில் தொடர்கிறது. நெல்மா ஊட்டி வளர்க்கப்பெற்ற நீர்ப்பெயற்றுப் பன்றியிடம் இவ்வட்டத்துக்கு இடமில்லை.

தமிழகத்தில் இன்று வெண்பன்றி வளர்ப்பு கால்நடைப் பல்கலைக்கழகம் பயிற்சி அளிக்கும் தொழிலாக உள்ளது. கொட்டில், தடுப்பூசி, கலப்புத் தீவனம், உணவக மிச்சம் எனப் பண்ணை முறை வளர்ந்துள்ளது. ஆனால் நாடு முழுவதையும் நோக்கின், 2012இல் ஏறத்தாழ 1 கோடியே 3 இலட்சமாக இருந்த பன்றிகளின் எண்ணிக்கை 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் 90.6 இலட்சமாகக் குறைந்தது. பண்ணைக்கு முதலீடு செய்ய இயலாத சிறு வளர்ப்போருக்கு இம்மாற்றத்தில் என்ன இடம் என்னும் வினா எஞ்சி நிற்கிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. தொல்காப்பியமும் பத்துப்பாட்டும் பன்றியை இழிந்த விலங்காகக் காட்டவில்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் திரிய விட்டு வளர்த்தல், அடைத்து ஊட்டி வளர்த்தல் என இருமுறைகளைப் பட்டினங்களில் வைத்தே காட்டியுள்ளார். இரண்டாம் முறைக்கு நிலம் இன்றியமையாதது. மும்பையின் 1888ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டாம் முறைக்கு மட்டும் இடம் தந்தது. ஆனால் மாதுங்காவில் நிலம் இருந்தும் வழக்கம் இல்லை. செம்பூர்க் காவ்டாணில் வழக்கம் இருந்து நிலம் சுருங்கியது. தாராவியில் நிலமும் கழிப்பிடமும் மறுக்கப்பட்டன. நிலம் மறுக்கப்பட்ட இடத்தில் பன்றி கழிவை உண்டது. அதனால் இழிவு பெற்றது. அவ்விழிவு வளர்ப்போர் மீது சாதியின் துணையோடு ஏறியது. எருமைக்கு ஆரே குடியிருப்பை அளித்த நகரம் பன்றி வளர்ப்போருக்கு மாற்றிடம் எதனையும் எண்ணவில்லை.

தாராவி மறுசீரமைப்புத் திட்டம் 2004 முதல் பல வடிவங்களில் பேசப்பட்டு வருகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு கழிப்பிடம் அமைதல் நெடுங்காலக் குறையைத் தீர்க்கும், அது வரவேற்கத்தக்கது. அக்கழிப்பிடம் நூறாண்டுகளுக்கு முன்னரே அமைந்திருப்பின் பன்றியின் பெயரால் எத்தனையோ மக்கள் அடைந்த இழிவு குறைந்திருக்கும். கள் சமைத்த மகளிர் கழுவி ஊற்றிய நீரில் குட்டிகளோடு புரண்ட பெண்பன்றியைப் புலவர் கூச்சமின்றிப் பாடினார். பாணனுக்கு இடப்படும் விருந்துக்கு உரிய விலங்காகவே அவர் பன்றியைக் கண்டார். வளர்த்தோரையும் விருந்தோம்புவோராகவே கண்டார். மும்பைத் தமிழர் வரலாற்றை எழுதப் புகுவோர் சங்கங்களையும் கோயில்களையும் பள்ளிகளையும் பதிவு செய்வதோடு, கொல்லையற்ற குடியிருப்பில் உயிர்களை வளர்த்து வாழ்ந்தோரின் வரலாற்றையும் பதிவு செய்தல் வேண்டும்.